சட்டியைப் பார்க்காத சமையல்

பட்டறையில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். படித்து வாங்கிய பட்டம் இல்லை. எந்த வண்டி வந்து நின்றாலும் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே எது தேய்ந்துவிட்டது, எது இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று சொல்வான். பிரித்துப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும்.

ஆனால் அவன் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது வண்டி வேலையைப் பற்றி அல்ல, தான் போடும் பிரெஞ்சு டோஸ்ட்டைப் பற்றி. வெந்நீர் வைக்கச் சொன்னாலே பாத்திரம் எங்கே என்று தேடுகிற ஆள் அவன். அவனுக்குத் தெரிந்த ஒரே சமையல் அதுதான். தெரிந்த ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாவிட்டால் எப்படி? பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், முட்டையும் பாலும் எந்த அளவில் கலக்க வேண்டும், ஆப்பிளை எவ்வளவு தடிமனாக வெட்ட வேண்டும் என்று ஆரம்பித்துவிடுவான். கேட்கிறவர்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டு எழுந்து போகும்வரை விடமாட்டான்.

அவன் மனைவி ஒரு பேக்கரியில் ஓவன் பொறுப்பில் இருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் விற்காமல் மிஞ்சிய பிரெட்டில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருவாள். ராத்திரி முழுக்கக் காற்றில் கிடந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அது டோஸ்ட்டுக்கு ஏற்றபடி கொஞ்சம் காய்ந்திருக்கும். அன்றைக்கு மட்டும் சமையலறை அவன் ராஜ்ஜியம். அவள் ஹாலில் நாற்காலியில் சாய்ந்து, எதிரே இருக்கிற ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிப்பாள்.

அந்தச் சமையலறையில் ஓர் ஆள் திரும்பினால் இன்னோர் ஆள் வெளியே போய்விட வேண்டும். ஒரு பக்கம் அடுப்பு, எதிர்ப் பக்கம் காய் நறுக்குகிற மேடை. அவன் பிரெட் துண்டுகளை முட்டைப் பாலில் முக்கித் தவாவில் போடுவான். போட்டதும் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பழம் நறுக்க ஆரம்பித்துவிடுவான். ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கமாட்டான். சரியான நேரத்தில் ஹாலிலிருந்து அவள் குரல் வரும்: "திருப்புங்க." இவன் திருப்புவான். அடிப்பக்கம் பொன்னிறமாக இருக்கும். டோஸ்ட்டுகளைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, அதே தவாவில் வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு, நறுக்கிய ஆப்பிளைக் கொட்டி வதக்குவான். தவா கறுப்பு. சர்க்கரை உருகி எந்த நிறத்துக்கு வந்திருக்கிறது என்று அதில் கண்டுபிடிக்க முடியாது. அதற்கும் ஹாலிலிருந்து உத்தரவு வரும்: "இறக்குங்க." இறக்கினால் பழத்தின் மேல் தேன் நிறத்தில் பளபளவென்று பாகு, கடித்தால் ஓரத்தில் மெல்லிய முறுகல்.

அவள் இதையெல்லாம் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், வாசனையை வைத்தே சொல்வாள். அவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெட்ரோலிலும் டீசலிலும் வருஷக்கணக்காக ஊறி அவன் மூக்கு எப்போதோ மரத்துப்போய்விட்டது.

கல்யாணமாகிப் போகும்வரை அவர்கள் மகள் இதைச் சொல்லிச் சொல்லி அவனைச் சீண்டுவாள். டோஸ்ட் போடுவது அப்பா இல்லை, அம்மாதான். அப்பா வெறும் கை என்பாள். அவனுக்கு முகம் தொங்கிப்போகும். முட்டையை உடைத்தது யார், பழத்தை வெட்டியது யார் என்று கணக்குக் கேட்பான். மனைவி பேப்பருக்குப் பின்னால் சிரித்துக்கொள்வாள். அவனுடைய பெருமையில் அவள் ஒரு நாளும் பங்கு கேட்டதில்லை.

இந்தத் தடவை அவளுக்கு வந்த காய்ச்சல் லேசில் விடவில்லை. வாரக்கணக்கில் படுக்கை. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவன் கஞ்சியோடு போராடினான், கஞ்சியே ஜெயித்தது. ஒருவழியாக அவள் எழுந்து நடமாடினாள், குளித்தாள், தலை வாரினாள். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வருவதாகப் பேக்கரிக்குச் சொல்லியும் விட்டாள். முந்தின நாள் ஞாயிறு. டோஸ்ட் போடாமல் இருப்பானா? சனிக்கிழமையே பேக்கரிக்குப் போய்ப் பிரெட் வாங்கி வந்தான்.

அங்கே முதலாளியம்மா அவனைப் பார்த்ததும், அவள் இல்லாமல் படுகிற பாட்டைச் சொல்லித் தீர்த்துவிட்டார். ஓவனின் கடிகாரம் கெட்டுப் பல காலம் ஆகிறது. அவளுடைய மூக்கு இருக்கும்போது கடிகாரம் எதற்கு என்று யாரும் அதைச் சரிசெய்யவே இல்லை. இப்போது ஒரு நாள் கருகுகிறது, ஒரு நாள் நடுவில் மாவாக இருக்கிறது என்றார். அவன் வீட்டுக்கு வந்து இதை அவளிடம் பெருமையாகச் சொன்னான். அவள் "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். உடம்பு இன்னும் முழுசாகத் தேறவில்லை போலும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஞாயிறு காலை. தவாவில் வெண்ணெய் உருகியது. பிரெட் உள்ளே போனதும் சளசளவென்று சத்தம் எழுந்தது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஆப்பிளை நறுக்க ஆரம்பித்தான். வாயில் ஏதோ ஒரு பாட்டு. ஒரு ஆப்பிள் முடிந்தது. இன்னொன்றை எடுத்துத் தோல் சீவினான். அதுவும் முடிந்தது. பாட்டும் முடிந்தது. ஏதோ குறைகிறாற்போல் இருந்தது. கத்தியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

சத்தம் நின்றுபோயிருந்தது. ஓடுகிற வண்டி திடீரென்று அடங்கினால் அவன் உடம்பு எப்படி விறைக்குமோ அப்படி விறைத்தது. அவன் திரும்புவதற்குள் ஹாலிலிருந்து அவள் குரல் வந்தது, எப்போதும் போலச் சாவகாசமாக.

"திருப்புங்க. நல்ல வாசனை வந்துடுச்சு."

அவன் திருப்பினான். அடிப்பக்கம் அடுப்புக்கரி.

புகையை ஜன்னலோரத்து ஃபேன் இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. முதலில் அவன் நினைத்தது, அவள் விளையாடுகிறாள் என்றுதான். அடுத்து, தன்மேல் ஏதோ கோபம் என்று. அப்படியானால் என்ன குற்றம் செய்தோம் என்று வேகமாக யோசித்தான். நனைந்த துண்டைக் கட்டிலில் போட்டது, மகளோடு போனில் பேசும்போது அவளிடம் கொடுக்காமல் வைத்துவிட்டது என்று வரிசையாக வந்தன. எதுவும் இந்த அளவுக்குத் தண்டனை கொடுக்கிற குற்றம் இல்லை. எட்டி ஹாலைப் பார்த்தான். அவள் பேப்பரைக் கையில் வைத்திருந்தாள். ஆனால் படிக்கவில்லை. சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி. அவன் தலை தெரிந்ததும் சட்டென்று பேப்பருக்குள் போய்விட்டாள்.

அப்போதுதான் அவனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பட்டறைச் சட்டையை எப்போதும் இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் வாளியில் போடுகிறவள், நேற்று அதைத் துவைக்காமலே நல்ல துணிகளோடு மடித்து அலமாரியில் வைத்திருந்தாள். பால் பாத்திரத்தை நீட்டி, கெட்டுப்போச்சா பாருங்க என்று அவனிடம் கேட்டாள். அவன் மூக்கின் லட்சணம் தெரிந்த அவள். அவன் செய்த கஞ்சியை, அடிப்பிடித்த கஞ்சியை, முகம் சுளிக்காமல் குடித்தாள். தன் கைப்பக்குவம் தேறிவிட்டது என்று அவன் அன்றைக்கு மார்தட்டிக்கொண்டிருந்தான்.

காய்ச்சல் போகும்போது அவள் மூக்கையும் கூடவே கொண்டுபோயிருக்கிறது.

நாளைக்கு அவள் ஓவன் முன்னால் போய் நிற்க வேண்டும். இதை யாரிடமும் சொல்லாமல், குத்துமதிப்பாகவே சமாளித்துவிடலாம் என்று கிளம்பிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு அவனிடம் பார்த்தது ஒத்திகை. தேறவில்லை என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. இதில் அவனுக்குத் தாங்காத சங்கதி வேறு ஒன்று. ஊருக்கு மறைக்கட்டும், முதலாளியம்மாவுக்கு மறைக்கட்டும். என்னிடமுமா?

ஹாலுக்குப் போய்க் கேட்டுவிடலாம் என்று ஓர் அடி வைத்தான். கேட்டால் அவள் முகம் எப்படி ஆகும் என்று நினைத்ததும் கால் பின்வாங்கியது. கருகிய துண்டுகளை ஒரு சாஸரில் போட்டு ஜன்னல் விளிம்பில், டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். தவாவைத் துடைத்துவிட்டு மறுபடி வெண்ணெய் போட்டான்.

இந்தத் தடவையும் சட்டியைப் பார்க்கவில்லை. பழகிய பழக்கம் அது. ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். பால் ஈரம் இருக்கும்வரை சளசளவென்று பெரிய சத்தம். ஈரம் வற்ற வற்ற அது மெலிந்து சன்னமாயிற்று. பிறகு ஓரங்களில் மட்டும் டிக் டிக்கென்று கேட்டது, சூடான எஞ்சின் நின்றபின் ஆறுகிற மாதிரி. அடடா என்று நினைத்தான். இவ்வளவு நாளும் இது பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. திருப்பினான். கொஞ்சம் வெளுப்பு, ஆனாலும் மோசமில்லை.

நல்ல நேரம் கழித்து ஹாலிலிருந்து குரல் வந்தது. "இன்னொரு தடவை போட்டீங்களா? திருப்பிடுங்க."

"சரிம்மா," என்றான், தட்டில் ஏற்கெனவே ஆறிக்கொண்டிருந்த டோஸ்ட்டைப் பார்த்தபடி.

அடுத்தது பாகு. வெண்ணெயும் சர்க்கரையும் உருகி, ஆப்பிள் துண்டுகள் அதில் புரண்டன. கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தான். குமிழிகளின் சத்தம் ஒரே இரைச்சலாக இருந்ததால் எதுவும் பிடிபடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தான். மரக்கரண்டியை எடுத்தான். அதன் தட்டைப் பக்கத்தைத் தவாவின் விளிம்பில் ஊன்றி, காம்பைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

அப்படி அவன் குனிந்து நின்றபோதுதான் அவள் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள்.

ஆப்பிளுக்கு வைத்தியம் பார்க்கிற புருஷனைப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு வரும். அவளுக்கும் வந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே டம்ளருக்காக ஜன்னல் பக்கம் கையை நீட்டியவள், டப்பாவுக்குப் பின்னால் சாஸரைப் பார்த்துவிட்டாள். அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கறுப்புத் துண்டை விரலால் தடவிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"இது எப்போ?" என்றாள்.

பொய் சொல்லலாமா என்று அவன் ஒரு கணம் யோசித்தான். அவள் பார்த்த பார்வையில் அது முடியவில்லை.

"நீ திருப்பச் சொன்னப்போ."

அவள் சாஸரைக் கீழே வைத்தாள். மேடையில் சாய்ந்துகொண்டாள். பிறகு அழுதாள். அழுகையோடு அழுகையாகச் சொன்னாள்: காய்ச்சல் விட்ட மறுநாளே தெரிந்துவிட்டதாம். சோப்பை முகர்ந்தாள், வெங்காயத்தை முகர்ந்தாள், கடைசியில் அவன் காலுறையைக்கூட முகர்ந்து பார்த்தாளாம். அவன் காலுறையிலேயே வாசனை வரவில்லை என்றால் வேறு எதில் வரும்? அந்த இடத்தில் அவளுக்கே அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்து புரையேறியது. அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"உங்ககிட்ட சொல்லிட்டா அது நிஜமாயிடும்னு பயமா இருந்துச்சு." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு அந்த ஓவன் முன்னாடி நின்னு நான் என்னத்தைச் சொல்லுவேன்? மூக்கு இல்லாம அங்க எனக்கு என்ன வேலை? இங்கதான் என்ன வேலை?"

அந்தக் கடைசிக் கேள்வி அவனைச் சுட்டது. இங்கே அவளுக்கு என்ன வேலையா? அவளைக் கட்டிக்கொண்டு ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தான். ஆனால் அதற்குள் அவன் காதில் ஒன்று விழுந்தது. இரைச்சல் மாறியிருந்தது. படபடவென்று வெடித்த குமிழிகள் இப்போது தடித்து, ஒவ்வொன்றாக, சோம்பேறித்தனமாக உடைந்தன.

"ஒரு நிமிஷம் பேசாதே," என்று மரக்கரண்டியை அவள் காதில் வைத்தான். "இது என்ன சொல்லுதுன்னு கேளு."

அவள் ஈரக் கண்ணோடு, வேண்டாவெறுப்பாகக் கேட்டாள். முகம் மெதுவாக மாறியது. பிரெட்டின் அடியைத் தட்டிப் பார்த்தால் வெந்தது ஒரு மாதிரி ஒலிக்கும், வேகாதது வேறு மாதிரி ஒலிக்கும். அவளுக்குத் தெரிந்த விஷயம்தான் அது. மூக்கு இருந்ததால் ரொம்ப நாளாகத் தேவைப்படவில்லை.

"கெட்டியாயிடுச்சு," என்றாள். "இறக்கணுமா?"

"நீதான் சொல்லணும்."

அவள் இன்னும் கொஞ்சம் கேட்டாள். "இறக்குங்க."

இறக்கிக் கொட்டினான். தேன் நிறம் இல்லை. அதைவிட ஒரு பிடி கூடச் சிவந்திருந்தது. சமையலறையிலேயே நின்றுகொண்டு ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அவள் மென்றாள். இனிப்பு தெரிகிறது, எலுமிச்சைப் புளிப்பு தெரிகிறது, மற்றபடி ஆப்பிளா உருளைக்கிழங்கா என்று சத்தியமாகத் தெரியவில்லை, சர்க்கரை தடவிய அட்டையைத் தின்கிறாற்போல் இருக்கிறது என்றாள். ஓரத்து முறுகல் மட்டும் பல்லுக்கு நன்றாக இருக்கிறது என்றாள். அவனுடைய டோஸ்ட்டை இவ்வளவு கேவலமாக அதுவரை யாரும் பேசியதில்லை. அவனுக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனை வாரத்தில் சாப்பாட்டைப் பற்றி அவள் மறைக்காமல் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

மறுநாள் அவன் பட்டறைக்குத் தாமதமாகப் போனான்; பேக்கரி வாசல்வரை அவளோடு போய்விட்டு வந்தான். உள்ளே வரவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். அவளே முதலாளியம்மாவிடம் சொன்னாள். அவர் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் கடையையும் பார்க்க வேண்டும் அல்லவா? இப்போதைக்கு மாவு பிசைகிற பக்கம் நில், ஓவனை வேறு ஆள் பார்க்கட்டும், வெந்ததை மட்டும் தட்டிப் பார்த்துச் சொல் என்றாராம். கடிகாரத்தைச் சரிசெய்ய அன்றைக்கே ஆள் வந்தானாம். சாயங்காலம் வீட்டில் அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மருத்துவரிடமும் போனார்கள். திரும்பி வரலாம், வராமலும் போகலாம், தினமும் கிராம்பு, எலுமிச்சை என்று எதையாவது முகர்ந்து பழகுங்கள் என்றார். அவள் தினமும் முகர்ந்தாள். கிராம்பு ஒன்றும் பிடிகொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் சமையலறையில் நின்று பார்த்துப் பார்த்தே போட்டுவிடலாமே, கண் இருக்கிறதே என்றாள் அவள். கேட்க வேண்டிய பேச்சுதான் இது. அவன் கேட்கவில்லை. அவளை ஹாலுக்குத் துரத்தினான். ஸ்டூலை இழுத்துப்போட்டு, காலைத் தூக்கி அதன்மேல் வைத்து, பேப்பரைக் கையில் கொடுத்துவிட்டு வந்தான். தவாவின் சத்தம் ஹால்வரை கேட்கட்டும் என்று ஃபேனை நிறுத்தினான். சமையலறைக் கதவை முழுசாகத் திறந்து, ஆடாமல் இருக்க ஒரு டப்பாவை முட்டுக்கொடுத்தான். பிறகு பிரெட்டைத் தவாவில் போட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்தியை எடுத்தான்.

அன்றைக்குப் பாட்டு இல்லை. ஹாலில் பேப்பர் சரசரக்கிற ஓசைகூட இல்லை.

"திருப்புங்க," என்று குரல் வந்தது. பழைய சாவகாசம் அதில் இல்லை.

திருப்பினான். வெள்ளை வெளேரென்று இருந்தது. "சீக்கிரம் சொல்லிட்டம்மா. பச்சையா இருக்கு," என்று கத்தினான்.

அவன் கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தான்.

"அப்ப திரும்பப் போடுங்க," என்றாள். "நான் சொல்றவரைக்கும் கையை வைக்கக் கூடாது."

அவன் பழையபடி போட்டான். தவா அவன் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. கொஞ்சம் கழுத்தைத் திருப்பினால் போதும். சத்தம் மெலிந்து, ஓரத்தில் டிக் டிக்கென்று கேட்டபோது அவன் கை தானாக எழுந்தது. அதை இழுத்து மடக்கி வைத்துக்கொண்டான். கொஞ்சம் கருகினால் கருகட்டும். ஆப்பிளைப் பார்த்துக்கொண்டு, அவள் சொல்லட்டும் என்று நின்றான்.